7. மலை அரசாங்கத்துது, நம்ம மரம் பட்டாவுல

ஆர்.கே.பேட்டை பஜாரில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு குன்று கண்ணில் படும். சோளிங்கர் பக்கம் ஒரு வரிசை, பள்ளிப்பட்டு தாண்டினால் ஆந்திர எல்லையை ஒட்டி இன்னொரு வரிசை. மரம் வெட்டிப் பிழைக்கலாம் என்று கடன் வாங்கி ஒரு மெஷின் வாங்கும் இளைஞர் முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்த மலையைத்தான். அவர் பார்க்கவேண்டியது மலையடியில் இருக்கும் மாந்தோப்பை, வேலியோரப் புளியை, ஏரிக்குள் நிற்கும் கருவேலத்தை. தனியாளாக மரம் வெட்டுபவருக்கு இந்த வட்டாரத்தில் சோறு போடுவது இவைதான்.

மேல்நாட்டில் வேறு மாதிரி. அமெரிக்காவின் ஆரிகன், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற இடங்களில் சொந்த ரம்பமும் சொந்த லாரியும் வைத்துக்கொண்டு மலைக்காட்டில் ஒப்பந்தத்துக்கு மரம் வெட்டும் சிறு முதலாளிகள் தலைமுறை தலைமுறையாக உண்டு. நம் நாட்டில் அந்தக் கதவு மூடியாகிவிட்டது. எல்லைக்கல் நட்ட காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மரத்தில் கைவைப்பது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலிருந்தே குற்றம். 1980-இல் மத்திய அரசின் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோதவர்மன் திருமுல்பாட் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இன்னும் ஒரு பூட்டு. மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது; அரசு ஆவணத்தில் ‘காடு’ என்று பதிவாகியிருந்தால், நிலம் யார் பேரில் இருந்தாலும் அது காடுதான் என்றது அந்த உத்தரவு. ஆகவே மலைச்சரிவில் யாராவது “எங்க பாட்டன் நிலம், வந்து வெட்டிக்கோ” என்று கூப்பிட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தச் சர்வே எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் கோடாலியைத் தூக்க வேண்டாம்.

செம்மரத்தைப் பற்றி இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன். உலகத்திலேயே அது இயற்கையாக வளர்வது கடப்பா, சித்தூர், திருப்பதி, நெல்லூரை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளில்தான். நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. அதனால் புரோக்கர்கள் இந்தப் பக்கமும் வருவார்கள். “பெயின்ட் வேலை, மேஸ்திரி வேலை, ஒரு வாரம் போதும்” என்பார்கள். கூலி சொல்லும்போதே சந்தேகம் வரவேண்டும். மேஸ்திரி வேலைக்கு யாரும் அவ்வளவு கொடுப்பதில்லை. கையில் முன்பணம் வந்து விழும். அதை வாங்கிய பிறகு வண்டி எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்காது. 2013 டிசம்பரில் செம்மரம் வளரும் சேஷாசலம் காட்டில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அதே காட்டில் தமிழ்நாட்டிலிருந்து போன 20 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலையோர ஊர்க்காரர்கள், கூலிக்கு வெட்டப் போனவர்கள். கட்டையைக் கப்பலேற்றுகிறவன் பேர் அந்தப் பட்டியலில் இல்லை.

மரம் எங்கே கிடைக்கும்?

முதல் இடம் பட்டா நிலம். வயசான மாந்தோப்பு, மனை போடுவதற்காகக் காலி செய்யும் கொல்லை, கிணற்றோரத்து வேம்பு, தைலமரமும் சவுக்கும் போட்ட பத்து சென்ட், கேட்பாரற்றுக் கிடக்கும் நிலத்தில் மண்டிய வேலிகாத்தான். சித்தூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகளை நம்பி வைத்த தோப்புகளில் விலை விழுந்த வருஷம் மரம் விற்க நிறைய பேர் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் அவசரப்பட்டு எல்லாத் தோப்பையும் பேசி முடிக்காதீர்கள். மாங்கட்டை எல்லோரிடமும் ஒரே சமயத்தில் சேர்ந்தால் மண்டியில் விலை படுத்துவிடும்.

இரண்டாவது ஏரி. 1981 முதல் சுவீடன் அரசின் உதவியோடு தமிழ்நாட்டில் நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உட்புறங்களில் கருவேலம் நட்டார்கள். அந்தப் பழக்கம் தொடர்ந்ததால் இன்றைக்கும் பல ஏரிகளில் வனத்துறை மரம் உண்டு. முற்றியதும் ஏலம் விடுவார்கள், வருமானத்தில் ஊராட்சிக்கும் பங்கு. தனியாளுக்கு அந்த ஏலத்தை எடுக்கப் பணம் போதாது. எடுத்தவரிடம் வெட்டுக்கூலி பேசி இறங்குவதே நடக்கிற காரியம். அப்படி இறங்கும்போது ஏல உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கி மெஷின் பெட்டியிலேயே வையுங்கள். ஏரிக்கரை மேல் நிற்கும் மரம் வேறு, உள்ளே நிற்பது வேறு, சாலையோர மரம் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை; அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதலும் கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர் வாய்வார்த்தையாகச் சொன்னார் என்பது எங்கேயும் செல்லாது. கோயில் நில மரமும் அப்படித்தான், குத்தகைக்காரர் நிலத்தை உழலாம், மரத்தை விற்க முடியாது.

சந்தனம், செம்மரம், ஈட்டி மூன்றும் சொந்தப் பட்டாவில் வளர்ந்திருந்தாலும் தொடாதீர்கள். சந்தனத்துக்குத் தனி விதிகளே 2008-இல் வந்தன. வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். பனங்கட்டைக்குச் சூளைக்காரர் எவ்வளவு ஆசை காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள்.

மதிப்புப் போடுதல்

இந்தத் தொழிலில் லாபமும் நஷ்டமும் மெஷின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்னாலேயே முடிவாகிவிடும். வெட்டுக்கு ஆள் கிடைப்பார்கள். நிற்கும் மரத்தைப் பார்த்து இதில் எத்தனை டன், எத்தனை கன அடி என்று சொல்லத் தெரிந்தவர் ஊருக்கு நாலு பேர்கூட இருக்கமாட்டார்கள். அது தெரியாதவரை நீங்கள் யாருக்கோ கூலிக்காரர்தான், மெஷின் உங்களுடையதாக இருந்தாலும்.

ஒரு பெரிய புளியமரத்தை எடுத்துக்கொள்வோம். நிலத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருவார்.

“எவ்ளோ குடுப்ப?”

“நீங்க சொல்லுங்கண்ணே.”

“போன வருசம் ஒருத்தன் வந்து முப்பதாயிரம் கேட்டுட்டுப் போனான். நாந்தான் தரல.”

போன வருஷம் வந்த அந்த ஆள் எல்லா மரத்துக்கும் உண்டு. அவரைப் பற்றி விவாதம் பண்ணாமல் மரத்தைச் சுற்றி வாருங்கள். கோடாலியின் பின்பக்கத்தால் முழங்கால் உயரத்தில் ஆரம்பித்து மார்பு உயரம் வரை நாலு பக்கமும் தட்டுங்கள். கெட்டிக்கட்டை ‘கண்’ என்று திருப்பிச் சொல்லும்; பொக்கை ‘தொப்’ என்று முழுங்கிவிடும். எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். பிறகு தூரைப் பாருங்கள்: காளான் முளைத்திருக்கிறதா, கரையான் மண் ஏறியிருக்கிறதா, பழைய கிளை ஒடிந்த பொந்திலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வழிந்த தடம் இருக்கிறதா. பொந்து இருந்தால் ஒரு கம்பியை விட்டு எவ்வளவு உள்ளே போகிறது என்று அளவெடுங்கள். கையை விடாதீர்கள், பாம்பு இருக்கும். முழுசாகத் தெரியும் பெரும்புளிகளில் பல நடுவில் வெற்று. அதற்காக அது வீணில்லை, விறகுக்கும் கரிக்கும் போகும். ஆனால் கறிக்கடைக்கு வெட்டும் அந்த அகலமான கட்டை, அதுதான் புளியில் நல்ல விலை, அது கிடைக்காது.

சாலையோரம், வீட்டோரம் நின்ற மரமென்றால் ஆணியைத் தேடுங்கள். விளம்பரத் தட்டி, துணி காயப்போடும் கம்பி, மஞ்சள் துணி கட்டிய வேம்பில் அடித்த சூலம், எல்லாம் பட்டைக்குள் புதைந்திருக்கும். மில்லில் ஒரு பிளேடு போனால் அந்தச் செலவை உங்கள் கணக்கில்தான் கழிப்பார்கள். அடுத்த லோடுக்கு விலை பேசும்போதும் அதை ஞாபகப்படுத்துவார்கள்.

இப்போது அளவு. நம் மரவாடிகளில் உருட்டுக்கட்டைக்குப் பழைய கணக்குதான். கட்டையின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 12 பெருக்கல் 12, அது 144. பத்தால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 10 கன அடி. அதே கட்டையை உருளையாகச் சரியாகக் கணக்குப் போட்டால் 12.73 கன அடி வரும். அறுக்கும்போது போகும் தூளுக்கும் பக்கப்பலகைக்கும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த கழிவு இது, ஊரே ஒப்புக்கொண்ட வழக்கம், இதில் சண்டை போடப் பயனில்லை. சண்டை போடவேண்டியது இரண்டு இடத்தில். டேப்பை நடுவில் பிடிக்காமல் மெலிந்த நுனியில் பிடிப்பவர்கள் உண்டு. கழிவுக் கணக்கிலும் அளந்துவிட்டு, “பட்டைக்கு, சேதாரத்துக்கு” என்று இன்னொரு முறை கழிப்பவர்களும் உண்டு. எங்கே அளப்பது, பட்டையோடா உரித்தா என்பதை வண்டி ஏறுவதற்கு முன் பேசிவிட வேண்டும்.

கன அடியா டன்னா என்பதில்தான் புதுசாக வருபவர் பணத்தை விடுகிறார். மேலே சொன்ன 10 கன அடிக் கட்டை பச்சையாக ஏறக்குறைய 350 கிலோ நிற்கும். விறகு டன் 3,500 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் அதற்கு 1,225 ரூபாய். அதே கட்டையை மில்லுக்காரர் கன அடி 300 ரூபாய்க்கு எடுத்தால் 3,000. இந்த விலைகள் உதாரணம்தான், அன்றன்றைக்கு மாறும். ஆனால் நேராக நிற்கும் அடிமரத்தைத் துண்டுபோட்டு விறகோடு சேர்த்து ஏற்றுவது எந்த விலையிலும் தப்பு. ஆகவே நிற்கும் மரத்தைப் பார்க்கும்போதே மனசுக்குள் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: கவை வரைக்கும் மில்லுக்கு, அதற்கு மேல் மண்டிக்கு. வேம்பு, பூவரசு, நாவல், தேக்கு என்றால் கவைக்கு மேலும் ஆறடித் துண்டு தேறுகிறதா என்று பாருங்கள். மாமரத்தில் பெட்டிப் பலகைக்குப் போகும் அளவு சுற்றளவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆசாரி ஒருவரைக் கூடவே அழைத்துப் போவது நல்லது. ஏர், வண்டி செய்த பரம்பரை ஆள் என்றால் கருவேலத்தின் வளைவில்கூட ஒரு சாமானைப் பார்த்துவிடுவார்.

பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர். டன் கணக்கில் விற்பதென்றால் வெட்டிய இரண்டொரு நாளில் எடைமேடை ஏற வேண்டும். நிலத்துக்காரரிடம் டன்னுக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தால், நீங்கள் அவருக்குக் கொடுக்கும் எடையும் மண்டியில் கொடுக்கும் எடையும் ஒரே மேடையில், ஒரே நாளில் இருக்கட்டும். வெயிலில் ஒரு வாரம் கிடந்த கட்டைக்குப் பச்சை எடைக்குப் பணம் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

காகிதம்

பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் வாங்கிப் பாருங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பேர் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளியூரில் இருக்கும் தம்பி, மரம் விழுந்த மறுநாள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவார். வரப்பு மரம் யாருடையது என்று இரண்டு பக்கத்துக்காரரையும் நிற்கவைத்துக் கேளுங்கள். சர்வே எண், மரத்தின் வகை, எண்ணிக்கை, விலை, வெட்டி முடிக்கவேண்டிய தேதி, தூர் யாருக்கு, பயிர்ச் சேதம் யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது போதும். செல்போனில் மரங்களையும், நிலத்துக்காரர் பக்கத்தில் நிற்பதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தை ஊரைவிட்டு நகர்த்துவதற்கு 1968-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் உண்டு. எந்த வகைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எதற்கு விலக்கு என்ற பட்டியலை உங்கள் கிராமம் எந்த வனச்சரகத்தில் வருகிறதோ அந்த அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சக மரவெட்டிகளிடம் கேட்டால் பத்து வருஷம் முந்தைய பட்டியலைச் சொல்வார்கள். விறகுக்கு ஜிஎஸ்டி இல்லை, அறுவை மரத்துக்கு உண்டு. ஒரே வண்டியில் இரண்டும் கலந்து ஏற்றினால் சோதனையில் பேச்சு நீளும்.

எல்லை தாண்டும்போது இன்னும் கவனம். 1960-இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சித்தூர் அந்தப் பக்கம் நின்றது. சொந்தபந்தம், பேச்சு, சம்பந்தம் எல்லாம் இன்றைக்கும் இரண்டு பக்கமும். தெலுங்கில் விலை பேசத் தெரிந்தவருக்கு பாலசமுத்திரம், கார்வேட்டிநகரம் பக்கமும் தோப்பு கிடைக்கும். ஆனால் மரம் வெட்டச் சட்டம் அங்கே வேறு. ஆந்திராவில் 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரச் சட்டம் பட்டா மரத்துக்கும் பொருந்தும். அங்கே வாங்கிய சீட்டு இல்லாமல் இங்கே மரம் வந்தால், அது எந்த மரமாக இருந்தாலும் சோதனைச் சாவடியில் முதலில் நினைப்பது செம்மரத்தைத்தான். தார்ப்பாய் போட்டு மூடாமல், கட்டை தெரிகிற மாதிரி, பகலில் வாருங்கள்.

முன்பணம்

தனித் தொழில் என்று பேர் வைத்துக்கொண்டு அடிமையாவதற்கு ஒரே வழி இதுதான். மண்டிக்காரர் மெஷின் வாங்கப் பணம் கொடுப்பார், வட்டி கேட்கமாட்டார். அதற்குப் பதில் உங்கள் விறகு முழுக்க அவருக்கே வரவேண்டும், விலையும் எடையும் அவர் சொன்னதே. மற்ற மண்டியில் என்ன விலை என்று கேட்கவே கூசும். வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வட்டி கட்டிக் கடன் வாங்குவது இதைவிட மலிவு. நகையை வைத்தாலும் பரவாயில்லை என்பேன்.

நீங்கள் ஆட்களுக்குக் கொடுக்கும் முன்பணம் இன்னும் மோசமான இடத்துக்குப் போகலாம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்திலும் இருந்த மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகள் என்று வருவாய்த் துறையினர் மீட்டார்கள். 13 குடும்பங்கள், குழந்தைகளும் அதில் அடக்கம். வயதான ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நம்மிடமிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் நடந்தது இது. சின்னத் தொகை ஒன்றுக்காக வருஷக்கணக்கில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. வேலை வாங்கியவர்மேல்தான் வழக்கு. இந்த வட்டாரத்தில் வேலிகாத்தான் வெட்டுக்கு வருபவர்களில் இருளர் குடும்பங்கள் நிறைய. திருவிழாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று கேட்பார்கள். கொடுக்காமலும் இருக்க முடியாது. ஒருவருக்கு ஒரு வாரக் கூலிக்கு மேல் முன்பணம் நிற்கக்கூடாது என்பது என் சிபாரிசு. கூலியைச் சனிக்கிழமை முழுசாகக் கொடுங்கள், பிடித்தம் இருந்தால் அவர் கண்முன் எழுதுங்கள், வேலையை விட்டுப் போகிறேன் என்றால் பாக்கியைப் பேசி அனுப்பிவிடுங்கள். அவர் ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கக்கூடாது.

வெட்டு

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்கில் மரம் வெட்டுவோரில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 99 பேர் வேலையில் இறந்தார்கள். எல்லாத் தொழிலுக்கும் சேர்த்த சராசரி 3.5. தலைக்கவசம், காதடைப்பு, ரம்பம் கிழிக்காத கால்சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு வெட்டும் நாட்டுக் கணக்கு அது. தறி ஓடும் ஊரில் சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம், கைலி கட்டிக்கொண்டு மெஷின் பிடிக்காதீர்கள். செருப்பும் கூடாது.

விழவேண்டிய பக்கம் முதலில் ஒரு வாய் திறக்க வேண்டும், மரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை. பின்வெட்டு அதன் எதிர்ப்பக்கம், வாயின் அடிக்கோட்டுக்குச் சற்று மேலே. இரண்டு வெட்டும் சந்திக்கக்கூடாது. நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் விடும் பட்டை கதவுக் கீல் மாதிரி. மரத்தை விழவேண்டிய பக்கம் திருப்பி இறக்குவது அதுதான். அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் வருமென்று யாருக்கும் தெரியாது. பின்வெட்டு பாதி போனதும் ஆப்பு அடியுங்கள். மரம் அசைந்ததும் மெஷினை நிறுத்தி, பின்புறமாகச் சாய்வாக, முன்பே காலி செய்து வைத்த வழியில் ஒதுங்குங்கள். நேர் பின்னால் நிற்பது ஆபத்து, தூர் உதைத்துக்கொண்டு வரும். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது. வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை நிலத்துக்காரர் பொறுப்பில் விடுங்கள்.

மெஷின் நுனியின் மேல்பாதி எதிலும் படக்கூடாது, பட்டால் முகத்துக்கு எகிறும். வேலிகாத்தான் புதரில் இது அடிக்கடி நடக்கும், ஒரு தூரில் ஏழெட்டுத் தண்டு ஒன்றோடொன்று பின்னி இறுகி நிற்கும். முதலில் வெட்டுக்கத்தியால் மெல்லிய கிளைகளைக் கழித்து, தண்டைத் தனியாகக் கண்ணால் பார்த்த பிறகே மெஷினை நுழையுங்கள். அதன் முள் செருப்பு அடியைத் துளைக்கும். குத்திய இடத்தில் ஒடிந்து நின்றுவிட்டால் வாரக்கணக்கில் சீழ் வைக்கும். கடைசியாக எப்போது டிடி ஊசி போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள், நர்ஸ் கேட்பார்.

சங்கிலி கூர்மையா என்பதை விழுகிற துகள் சொல்லும். துருவல் துருவலாக வந்தால் சரி, மாவாக வந்தால் மொக்கை. ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் ஒருமுறை நிறுத்தி, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போடுங்கள். ஒரு பக்கம் அதிகம் தேய்த்தால் வெட்டு கோணலாகப் போகும். பெட்ரோல்-ஆயில் கலவை மெஷின் புத்தகத்தில் உள்ளபடி. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பைக்குக்குப் போடும் கணக்கில் கண்மதிப்பாக ஊற்றுவதால்தான் பிஸ்டன் போகிறது.

மின்கம்பி பக்கத்தில் கிளை இருந்தால் மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள். லைன்மேனுக்குப் போனில் சொன்னது போதாது, அவர் வந்து நிற்க வேண்டும். கட்டை அடுக்குக்குள் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் உண்டு. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து நேராகத் திருத்தணி அரசு மருத்துவமனை. கதண்டுக் கூடு தெரிந்தால் அந்த மரத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். புகை போட்டு விரட்டிவிடலாம் என்று வீரம் பேசுபவர் உங்கள் குழுவில் ஒருவர் இருப்பார். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை கொடுங்கள்.

பிரதமரின் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் வங்கியில் நீங்களே கூட்டிப்போய்ப் போடுங்கள். தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். படிவத்துக்காக ஒரு நாள் கூலி போகும், போகட்டும்.

வருஷம் எப்படி ஓடும்?

பொங்கல் கழிந்ததும் நிலம் காய்ந்து வண்டி உள்ளே போகும். மாசி, பங்குனி நல்ல மாதங்கள். சித்திரை, வைகாசியில் திருத்தணி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது விடியற்காலை ஐந்து முதல் பத்து வரை வெட்டு, சாயங்காலம் லோடு ஏற்றுவது, நடுவில் நிழல். ஆடிக் காற்றில் உயர மரத்தைத் தொடாதீர்கள், நீங்கள் திறந்த வாய்க்கு அது கட்டுப்படாது. ஆடிக் கிருத்திகை வாரத்தில் காவடிக் கூட்டம் திருத்தணிச் சாலையை எடுத்துக்கொள்ளும். டாட்டா ஏஸ் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும், ஆட்களும் மலைக்குப் போயிருப்பார்கள். அந்த வாரத்துக்கு லோடு ஒப்புக்கொள்ளாமல் மெஷினைப் பிரித்துச் சுத்தம் பண்ணுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இருக்காது. அந்த இரண்டு மாதச் சாப்பாட்டுக்கான பணத்தைக் கோடையிலேயே ஒதுக்காதவர்தான் மண்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறார்.

பலகைக்கு வெட்டும் மரத்தைத் தேய்பிறையில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் உளு அடிக்கும் என்று ஆசாரிகள் கேட்பார்கள். உளு தேடுவது வெளிக்கட்டையில் இருக்கும் மாவுச்சத்தை; சீக்கிரம் பட்டை உரித்து, தரையில் படாமல் நிழலில் அடுக்கிக் காயவைப்பது நிலாவைவிட உதவும். ஆனாலும் வாங்குபவர் தேய்பிறை என்றால் தேய்பிறையிலேயே வெட்டிக் கொடுங்கள், உங்களுக்கு என்ன நஷ்டம்.

தூர் யாருக்கு?

வேலிகாத்தான் வெட்டுபவர் இதை விலை பேசும்போதே முடிக்க வேண்டும். 1870-களில் கடப்பாவில் விதை போட்டு வளர்த்த மரம் இது, அங்கிருந்து ஊர் ஊராகப் பரவியது. தரைக்கு மேலே வெட்டினால் சாகாது; அடுத்த மழைக்கே தூரிலிருந்து பத்துக் கிளை வெடித்துக் கிளம்பும். பயிர் வைக்கப் போகிறவருக்கு நிலம் சுத்தமாக வேண்டும், ஆகவே தூரோடு எடுக்கச் சொல்வார். அதற்கு ஜேசிபி வேண்டும், மணிக்கணக்கு வாடகை. அந்த வாடகை நிலத்துக்காரருடையதா உங்களுடையதா, தோண்டிய தூர்க்கட்டை யாருக்கு, பள்ளத்தை மூடுவது யார் என்று மூன்றையும் எழுதுங்கள். தூர்க்கட்டை கனமானது, நன்றாக எரியும், கரிக்கு உகந்தது. ஆனால் அதில் ஒட்டிய மண்ணை எடைமேடையில் கழிப்பார்கள், ஆகவே ஒரு வாரம் காயவிட்டுத் தட்டி ஏற்றுங்கள். நிலத்தை உடனே உழப்போவதில்லை என்றால் தூரை விட்டுவிட்டு, மூன்று நான்கு வருஷம் கழித்து முளைத்ததை வெட்டும் உரிமையை அதே தாளில் இரண்டு வரியாகச் சேர்த்து, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.